டிராகன் டெக்: 38 டிராகன்கள் வேண்டுமா, 24 போதுமா?

தழல்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் கமாண்டர் வகைக்காக (தலைமைக் கார்டான கமாண்டர் ஒன்று, அதோடு 99 கார்டுகள்) முழுக்க முழுக்க டிராகன்களைக் கொண்ட ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு, கட்டிக்கொண்டிருக்கிறேன். கமாண்டராக உர்-டிராகனை நினைத்திருக்கிறேன். மீதமுள்ள 99 கார்டுகளின் முதல் வரைவு இது: 38 டிராகன்கள், 33 லேண்டுகள் (கார்டுகளை இறக்க விலையாகக் கொடுக்கும் மனாவைத் தரும் நிலக் கார்டுகள்), மனா பெருக்கும் கார்டுகள் 5. எஞ்சிய 23 இடங்களில் எதிரியின் உயிரிகளை அழிக்கும் கார்டுகள், கூடுதலாகக் கார்டு எடுக்க உதவுபவை, டிராகன் டெம்பெஸ்ட் போன்ற துணைக் கார்டுகள் இருக்கின்றன.

அந்த 38 டிராகன்களும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. ஓவியத்துக்காகச் சில, ஆற்றலுக்காகச் சில. சிறகை விரித்துக்கொண்டு ஏழெட்டு டிராகன்கள் களத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இந்த விகிதம் சரியா? எதையாவது குறைக்க வேண்டுமென்றால் எதைக் குறைப்பது? கமாண்டரையே மாற்றச் சொல்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கூர்நகம்

டிராகன்களுக்குப் போவதற்கு முன் மனாவைப் பேசிவிடுவோம். உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது அந்த 5 என்ற எண்தான்.

டிராகன் என்றாலே ஐந்து, ஆறு, ஏழு மனா. எதுவும் செய்யாமல் சுற்றுக்கு ஒரு லேண்ட் வைத்துக்கொண்டு போனால், ஒரு சுற்றுக்கூடத் தவறாமல் லேண்ட் வந்தால்கூட, ஆறாம் சுற்றில்தான் ஆறு மனா கிடைக்கும். அதற்குள் எதிரில் இருக்கும் மூன்று பேரும் தங்கள் ஆட்டத்தைப் பாதி ஆடி முடித்திருப்பார்கள். எனவே இரண்டாம் சுற்றிலேயே மனாவைப் பெருக்கும் ஒரு கார்டு உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தொடக்கக் கையில் 7 கார்டுகள். பலர் ஆடும் ஆட்டத்தில் முதலில் தொடங்குபவரும் முதல் சுற்றிலேயே ஒரு கார்டு எடுப்பார் என்பதால், இரண்டாம் சுற்றில் மொத்தம் 9 கார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 99 கார்டுகளில் இரண்டு மனா விலையுள்ள பெருக்கும் கார்டுகள் 5 இருந்தால், அந்த ஒன்பதில் ஒன்றாவது வந்திருப்பதற்கான வாய்ப்பு சுமார் 39 சதவீதம். அதையே 10 ஆக்கினால் 63 சதவீதம். 14 ஆக்கினால் 76. ஐந்தோடு ஆடினால் ஐந்தில் மூன்று ஆட்டங்களில் இரண்டாம் சுற்று வீணாகிறது என்று பொருள்.

லேண்டும் அப்படித்தான். நான்காம் சுற்றுக்குள் 11 கார்டுகளைப் பார்க்கிறீர்கள். 33 லேண்டுகள் இருந்தால் அதில் சராசரியாக 3.67 தான் லேண்ட். 37 இருந்தால் 4.11. சுற்றுக்கு ஒரு லேண்ட் என்ற அடிப்படைத் தேவையே 33-இல் சராசரியாக நிறைவேறவில்லை.

சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் டெக்கிலிருந்து ஒரு லேண்டைக் களத்துக்குக் கொண்டுவரும் நேச்சர்ஸ் லோர், அதனால் மூன்று லேண்டுகள். மூன்றாம் சுற்றில் நான்கு மனா இருக்கிறது. டிராகன்ஸ்பீக்கர் ஷாமனை மூன்று மனாவில் இறக்குகிறீர்கள். அவன் களத்தில் இருந்தால் டிராகன்களின் விலை 2 குறையும். உர்-டிராகன் கமாண்டருக்குரிய இடத்தில் உட்கார்ந்தபடியே மற்ற டிராகன்களின் விலையில் 1 குறைத்துவிடும். நான்காம் சுற்றில் ஐந்து லேண்டுகள். எட்டு மனா விலையுள்ள உட்வாரா ஹெல்கைட் அப்போது ஐந்து மனாவுக்கு வந்துவிடும்! நான்காம் சுற்றில் 6/6 (தாக்கும் திறன் 6, தாங்கும் திறன் 6) பறக்கும் டிராகன். உங்கள் டிராகன் ஒன்று தாக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு 6/6 டிராகன் டோக்கன் (டெக்கில் கார்டாக இல்லாமல் களத்திலேயே உருவாகும் உயிரி) பிறக்கும். ஐந்தாம் சுற்றில் ஒன்று தாக்கினால் இரண்டாகிறது. ஆறாம் சுற்றில் இரண்டும் தாக்கினால் நான்கு. களம் நிறைய டிராகன் வேண்டும் என்ற உங்கள் ஆசையை நிறைவேற்றுவது ஷாமனும் நேச்சர்ஸ் லோரும்தான்.

என் பரிந்துரை: லேண்ட் 37, மனா கார்டுகளும் விலை குறைப்பவையும் சேர்ந்து 14, டிராகன் 24, மற்றவை 24.

எழினி

> என் பரிந்துரை: … டிராகன் 24

மன்னிக்கவும் கூர்நகம், கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 24 டிராகன் உள்ள டெக்கை டிராகன் டெக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தழல் கேட்டது டிராகன் டெக். முக்கால்வாசிக் கார்டுகளில் டிராகனே இல்லையென்றால் அதில் என்ன சுவை இருக்கிறது? வெல்வது மட்டுமே நோக்கம் என்றால் டிராகனை எடுக்க வேண்டிய தேவையே இல்லையே. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதற்கு உண்மையாக இருப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது, அதற்காகச் சில ஆட்டங்களைத் தோற்கலாம் என்பது என் கருத்து.

கூர்நகம்

எழினி, நீங்கள் சொல்லும் நிறைவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த நிறைவு கிடைப்பது டிராகன் களத்தில் இறங்கும்போது. கையிலேயே தங்கிவிட்ட டிராகனால் யாருக்கு என்ன நிறைவு? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையாகிவிடும்.

ஆறாம் சுற்றுக்குள் 13 கார்டுகளைப் பார்ப்பீர்கள். 24 டிராகன்கள் உள்ள டெக்கில் அவற்றில் சராசரியாக மூன்று டிராகன்கள். 38 உள்ள டெக்கில் ஐந்து. அந்த ஐந்தையும் ஆறாம் சுற்றுக்குள் இறக்க முடியுமா? முடியாது. 24 உள்ள டெக் அதன் மூன்றையும் இறக்கிவிடும். எந்த மேசையில் அதிக டிராகன் பறக்கிறது என்று பாருங்கள். அதுவும் டோக்கன்களைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

நடுநிசி

கமாண்டர் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. விகிதம் பெரும்பாலும் கமாண்டரைப் பொறுத்தது என்பதால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிராகனுக்கு நான் பரிசீலிப்பவை நான்கு.

உர்-டிராகன், 2017. ஒன்பது மனா, 10/10, ஐந்து நிறங்கள். இதை ஒருமுறைகூடக் களத்தில் இறக்காமல் ஆட்டத்தை வெல்லலாம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. விலைக் குறைப்பு முதல் சுற்றிலிருந்தே வேலை செய்கிறது, அதை எதிரிகள் அழிக்கவும் வழியில்லை. அது களத்தில் இறங்கிவிட்டால் தாக்கும் டிராகன்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கார்டு எடுக்கலாம், கையிலிருந்து ஒரு நிரந்தரக் கார்டை (களத்திலேயே தங்கும் கார்டை) மனா கொடுக்காமல் களத்தில் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அது கொல்லப்பட்டால் கல்லறையில் விட்டுவிடாதீர்கள். கமாண்டர் இடத்திலோ களத்திலோ இருந்தால் மட்டுமே விலை குறையும்.

மீரிம், 2022. பச்சை, நீலம், சிவப்பு. ஆறு மனா, 6/6. டோக்கன் அல்லாத வேறொரு டிராகன் உங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அதன் நகல் ஒன்று டோக்கனாக வரும். அசல் புகழ்பெற்ற உயிரியாக இருந்தாலும் நகலுக்கு அந்தத் தகுதி கிடையாது, எனவே இரண்டும் ஒன்றாக நிற்கலாம். இது களத்தில் இருந்தால்தான் பயன். அதனால் எல்லோருடைய அம்பும் இதன் மேல்தான் பாயும்.

டியாமட், 2021. ஐந்து நிறங்கள், ஏழு மனா. மனா கொடுத்து இறக்கினால் டெக்கிலிருந்து வெவ்வேறு பெயருள்ள ஐந்து டிராகன்களைத் தேடிக் கையில் எடுக்கலாம். கமாண்டராக வைப்பதைவிட 99-க்குள் வைப்பதே மேல் என்பேன்.

லாத்லிஸ், 2018. சிவப்பு மட்டும், ஆறு மனா, 6/6. டோக்கன் அல்லாத வேறு டிராகன் வரும்போது 5/5 பறக்கும் டோக்கன் ஒன்று வரும். முதன்முதலாக டிராகன் டெக் கட்டுபவர் யாராக இருந்தாலும் இதைத்தான் நான் கையில் கொடுப்பேன். லேண்ட் என்றால் பெரும்பாலும் சிவப்பு மனா தரும் மவுண்டன், நிறச் சிக்கலே இல்லை. டெக் எப்படி மூச்சுவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

தழல், ஐந்து நிற லேண்டுகளைச் சேர்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் உர்-டிராகனிலேயே இருங்கள். இல்லையென்றால் அகலக்கால் வைக்க வேண்டாம், மீரிம் பக்கம் வாருங்கள்.

வேங்கை

மீரிம் பெயர் வந்ததால் ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்கர்ஜ் ஆஃப் வால்காஸ் கார்டை எல்லோரும் அறிந்திருப்பீர்கள். அதுவோ வேறு டிராகனோ உங்கள் பக்கம் வந்தால், உங்களிடம் எத்தனை டிராகன்கள் இருக்கின்றனவோ அத்தனை சேதம், விரும்பிய இலக்குக்கு.

மீரிம் களத்தில் இருக்கிறது. நீங்கள் ஸ்கர்ஜை இறக்குகிறீர்கள். இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன: ஸ்கர்ஜின் சேதம், மீரிமின் நகல். எது முதலில் நடக்க வேண்டும் என்று அடுக்குவது உங்கள் உரிமை.

சேதத்தை முதலில் நடக்கவிட்டால்: அப்போது இரண்டு டிராகன்கள், எனவே 2. பிறகு நகல் வருகிறது. அசலும் அதைக் கவனிக்கிறது, நகலும் தன் வருகையைக் கவனிக்கிறது. இப்போது மூன்று டிராகன்கள், 3 + 3. மொத்தம் 8.

நகலை முதலில் வரவழைத்தால்: நகலின் வருகைக்கு 3 + 3, அதன் பிறகு காத்திருந்த முதல் சேதமும் மூன்று டிராகன்களையே எண்ணும். மொத்தம் 9. சேதம் எவ்வளவு என்பது விளைவு நிறைவேறும் நேரத்தில்தான் கணக்கிடப்படுகிறது என்பதே காரணம்.

ஒரு புள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த சுற்றில் ஷிவன் டிராகனை இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு ஸ்கர்ஜ்களும் அதைக் கவனிக்கின்றன. மீரிமின் நகலை மேலே அடுக்குகிறீர்கள். ஷிவன் நகல் வருகிறது, இரண்டு ஸ்கர்ஜ்களும் அதையும் கவனிக்கின்றன. நான்கு விளைவுகள், களத்தில் ஐந்து டிராகன்கள். 20 சேதம்! 40 உயிர்ப் புள்ளிகளில் பாதி போய்விட்டது, இன்னும் யாரும் தாக்கக்கூட இல்லை. வரிசையை மாற்றி அடுக்கியிருந்தால் 4 + 4 + 5 + 5, அதாவது 18.

எழினி

வேங்கை, இதைப் படித்ததும் எனக்கே 24 டிராகன் போதும் என்று தோன்றத் தொடங்கிவிட்டது. வந்தவுடன் ஏதாவது செய்யும் டிராகன் ஒன்று, சும்மா பறக்கும் மூன்று டிராகன்களுக்குச் சமம் என்று தெரிகிறது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த 24-இல் இரண்டு மூன்று இடங்களாவது மனதுக்குப் பிடித்த டிராகன்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆற்றல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையகட்டு

எழினி சொன்னதை வழிமொழிகிறேன், அதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது.

கமாண்டர் என்று நாம் இன்று ஆடும் வகைக்கு முதலில் எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்றுதான் பெயர். 1994-இல் லெஜன்ட்ஸ் தொகுப்பில் வந்த ஐந்து எல்டர் டிராகன்கள் இருக்கின்றன அல்லவா, நிகோல் போலஸ், குரோமியம், ஆர்கேடஸ் சபாத், பல்லாடியா-மோர்ஸ், வைவிக்டிஸ் அஸ்மாடி, அவற்றை வைத்து எழுந்த பெயர் அது. ஐந்துமே எட்டு மனா, 7/7, பறப்பவை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மூன்று மனா கட்டாவிட்டால் அவற்றைப் பலியிட வேண்டும். ஆட்டக்காரர்கள் தாங்களாகவே உருவாக்கி வளர்த்த அந்த வகைக்கு 2011-இல்தான் வெளியீட்டு நிறுவனமே கமாண்டர் என்ற பெயரில் ஆயத்த டெக்குகளைக் கொண்டுவந்தது. ஆக, கமாண்டரில் டிராகன் டெக் கட்டுவது என்பது அந்த வகையின் பிறந்த வீட்டுக்குப் போவதுபோல.

வேங்கை குறிப்பிட்ட ஷிவன் டிராகன் இன்னும் மூத்தது. 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருந்தது. ஆறு மனா, 5/5, பறக்கும், ஒரு சிவப்பு மனா கொடுத்தால் தாக்கும் திறன் ஒன்று கூடும். அவ்வளவுதான். இன்றைய டிராகன்களோடு ஒப்பிட்டால் மிகவும் எளிமையானது. ஆனால் மீந்திருக்கும் சிவப்பு மனாவை எல்லாம் அதில் ஊற்றி ஒருவரை வீழ்த்தும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி. என் டிராகன் டெக் எதிலும் அதற்கு ஒரு இடம் உண்டு.

தழல்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை.

உர்-டிராகனையே வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். மீரிம் 99-க்குள் வருகிறது. லாத்லிஸ், டியாமட், ஸ்கர்ஜ், உட்வாரா ஹெல்கைட் எல்லாம் இருக்கின்றன. கூர்நகம் சொன்ன 37, 14, 24, 24 என்ற விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஷிவன் டிராகனும் உள்ளே.

இரண்டு கேள்விகள். ஒன்று, விலை குறைப்பவற்றை எத்தனை வைக்கலாம்? டிராகன்ஸ்பீக்கர் ஷாமன், டிராகன்லார்ட்ஸ் சர்வன்ட், உர்சாஸ் இன்குபேட்டர், ஹெரல்ட்ஸ் ஹார்ன் என்று நிறைய இருக்கின்றன. இரண்டு, நான்கு டிராகன்களை இறக்கிவிட்ட பிறகு யாராவது களத்தையே துடைத்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கூர்நகம்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

விலைக் குறைப்பு எல்லா மனாவையும் குறைக்காது. எந்த நிறத்திலும் கொடுக்கக்கூடிய பகுதியை மட்டும்தான் குறைக்கும். நிறக் குறியீடுகளைத் தொடாது. ஸ்கர்ஜ் ஆஃப் வால்காஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மனாவில் மூன்று சிவப்பு. உர்-டிராகன் 1 குறைத்துவிட்டால் குறைக்க மீதம் இருப்பது 1 மட்டுமே. அதற்கு மேல் ஷாமன், சர்வன்ட், இன்குபேட்டர் எல்லோரும் வரிசையாக நின்றாலும் மூன்று சிவப்பு மனாவைக் கொடுத்தே ஆக வேண்டும். உர்-டிராகனுக்கு அதன் சொந்தக் குறைப்பு கிடையாது, மற்ற டிராகன்களுக்கு மட்டும்தான். ஷாமனும் சர்வன்டும் அதன் விலையையும் குறைப்பார்கள்.

எனவே விலை குறைப்பவை நான்கு போதும். மீதி பத்தும் லேண்ட் தேடித் தருபவையாகவோ, சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட் போன்றவையாகவோ இருக்கட்டும். லேண்ட் தேடுவது விலையையும் சமாளிக்கும், நிறத்தையும் கொண்டுவரும். ஷாமன் விலையை மட்டும்தான் பார்த்துக்கொள்வான், அதோடு ஒரு சிறிய மின்னல் பட்டாலே செத்துப்போவான்.

லேண்ட் தேடும் கார்டுகளில் ஒரு விஷயம். நேச்சர்ஸ் லோரும் த்ரீ விசிட்ஸும் பச்சை மனா தரும் ஃபாரஸ்ட் வகை லேண்டைத் தேடும். அடிப்படை ஃபாரஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டாம்பிங் கிரவுண்ட், ஓவர்கிரோன் டூம், டெம்பிள் கார்டன், பிரீடிங் பூல் என்று ஃபாரஸ்ட் வகையும் இன்னொரு வகையும் சேர்ந்த லேண்டுகளை எடுத்து வரலாம். ஒரே இரண்டு மனாக் கார்டு எந்த நிறம் இல்லையோ அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். கெட்ரியா ட்ரையோம் எடுத்தால் மூன்று நிறம், ஆனால் சாய்ந்த நிலையில்தான் வரும், அந்தச் சுற்றில் மனா தராது. ஃபார்சீக் ஐந்து அடிப்படை வகைகளில் ஃபாரஸ்டைத் தவிர மற்ற நான்கு வகை லேண்டுகளையும் எடுக்கும். ஸ்டாம்பிங் கிரவுண்ட் மவுண்டன் வகையும் ஆதலால் அதையும் எடுக்கும்.

இது வேலை செய்ய இரண்டாம் சுற்றில் பச்சை மனா கட்டாயம் வேண்டும். எனவே 37 லேண்டுகளில் பாதிக்கு மேல் பச்சை தருபவையாக இருக்கட்டும். டிராகன்களின் நிறம் சிவப்பு, டெக்கின் அடித்தளம் பச்சை என்று மனதில் வைத்துக்கொண்டு கட்டுங்கள். வெள்ளை, நீலம், கறுப்பு மூன்றும் விருந்தாளிகள். அந்த நிறங்களில் ஒரே ஒரு குறியீடு உள்ள டிராகன்களை எடுங்கள். டிராகன்லார்ட் டிரோமோகா வெள்ளையில் ஒன்றுதான் கேட்கும், டிராகன்லார்ட் சிலும்கர் கறுப்பில் ஒன்றுதான். பிளேட்விங் தி ரைசன் கறுப்பில் இரண்டு, சிவப்பில் இரண்டு. அருமையான டிராகன், ஆனால் இந்த டெக்கில் அது கையில் கிடந்து வாடும்.

நடுநிசி

களத்தைத் துடைப்பது பற்றி.

முதல் காவல் உங்கள் கையில்தான் இருக்கிறது. களத்தில் மூன்று டிராகன்கள் நின்று, அவற்றாலேயே அடுத்த இரண்டு சுற்றுகளில் ஒருவரை வீழ்த்த முடியும் என்றால், நான்காவதை இறக்காதீர்கள். வெறும் கையோடு நிற்கும் டிராகன் டெக்கைப் போலப் பரிதாபமானது எதுவும் இல்லை. பிளாஸ்ஃபெமஸ் ஆக்ட் என்ற கார்டு ஒவ்வொரு உயிரிக்கும் 13 சேதம் தரும். களத்தில் உயிரிகள் கூடக்கூட அதன் விலை குறையும். உர்-டிராகனே 10/10 தான், அதற்கும் தப்பாது.

இரண்டாவது, ஹீரோயிக் இன்டர்வென்ஷன். இரண்டு மனா, உங்கள் நிரந்தரக் கார்டுகள் எதையும் அந்தச் சுற்றில் அழிக்க முடியாது, எதிரிகள் குறிவைக்கவும் முடியாது. பச்சை தரும் லேண்ட் ஒன்றையும் இன்னொரு லேண்டையும் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டு சுற்றை முடிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டிராகன்லார்ட் டிரோமோகா. உங்கள் சுற்றில் எதிரிகள் எந்த மந்திரத்தையும் போட முடியாது. உங்கள் பெரிய தாக்குதல் சுற்றில் அது நிற்க வேண்டும்.

நான்காவது, ஹேவன் ஆஃப் தி ஸ்பிரிட் டிராகன். லேண்டாக வைத்திருந்து, தேவைப்படும்போது பலி கொடுத்துக் கல்லறையிலிருந்து ஒரு டிராகனைக் கைக்கு மீட்கலாம். லேண்ட் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வதால் டெக்கில் தனி இடம் கேட்காது. இதைச் சேர்க்காத டிராகன் டெக்கைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எதிரிகளின் களத்தைத் துடைக்க க்ரக்ஸ் ஆஃப் ஃபேட் வையுங்கள். டிராகன் அல்லாத எல்லா உயிரிகளையும் அழிக்கும். உங்கள் பக்கம் டிராகன்கள் அப்படியே நிற்கும்.

வேங்கை

> எதிரிகளின் களத்தைத் துடைக்க க்ரக்ஸ் ஆஃப் ஃபேட்

இதில் நடுநிசியோடு முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. க்ரக்ஸுக்கு இரண்டு நீல மனா வேண்டும். கூர்நகம் இப்போதுதான் நீலம் விருந்தாளி என்று சொன்னார். ஐந்தாம் சுற்றில் இரண்டு நீலம் இந்த டெக்கில் எத்தனை முறை கிடைக்கும்? தவிர, அதே க்ரக்ஸ் உங்கள் ஷாமனையும் சர்வன்டையும் கொன்றுவிடும்.

நடுநிசி

நீலம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் க்ரக்ஸ் ஐந்தாம் சுற்றுக்கான கார்டு அல்ல. உங்களிடம் இரண்டு டிராகன்கள், எதிரிகள் மூவரிடமும் தடுப்பதற்கு ஆட்கள், அந்த எட்டாவது ஒன்பதாவது சுற்றுக்கான கார்டு. அதற்குள் இரண்டு நீலம் வந்திருக்கும். ஷாமன் தன் வேலையை முடித்துவிட்டவன், அவன் போனால் போகட்டும். ஒரே ஒரு இடம் கேட்கிறேன், அதற்கு மேல் அல்ல.

வேங்கை

ஒரு இடம் என்றால் சரி, சம்மதம்.

நான் சேர்க்கச் சொல்வது ஒரு டிராகன்: அடார்கா, வேர்ல்ட் ரெண்டர். உங்கள் டிராகன்கள் தாக்கும்போது இரட்டைத் தாக்கு கொடுக்கும். இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே கமாண்டரிடமிருந்து 21 தாக்குதல் சேதம் வாங்கியவர், உயிர்ப் புள்ளிகள் எவ்வளவு மீதம் இருந்தாலும் ஆட்டமிழப்பார். உர்-டிராகன் 10/10. இரண்டு முறை அடித்தால் 20. இரட்டைத் தாக்கோடு ஒருமுறை அடித்தாலும் 20. இரண்டிலும் ஒரு புள்ளி குறைகிறது.

அந்த ஒரு புள்ளியைக் கொடுக்க லாத்லிஸ் இருக்கிறது. இரண்டு மனா கொடுத்தால் உங்கள் எல்லா டிராகன்களின் தாக்கும் திறனும் அந்தச் சுற்று முழுவதும் 1 கூடும். 11, இரட்டைத் தாக்கோடு 22. ஒரே அடியில் ஒருவர் வெளியே. எனவே லாத்லிஸும் அடார்காவும் இந்த டெக்கில் பிரியாமல் இருக்க வேண்டிய ஜோடி.

எழினி

கார்டு எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கருக்ஸ் அப்ரைசிங் வைத்திருக்கிறீர்களா? மூன்று மனா. தாக்கும் திறன் 4 அல்லது அதற்கு மேல் உள்ள உயிரி உங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கார்டு. பெரும்பாலான டிராகன்கள் அந்த எல்லையைத் தாண்டியவை. டோக்கன்களுக்கும் பொருந்தும். மீரிமோடு சேர்ந்தால் டிராகனுக்கு இரண்டு கார்டு. நான் ஆடும் எல்லாப் பெரிய உயிரி டெக்குகளிலும் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

தழல்

அப்ரைசிங் இருக்கிறது. அடார்காவுக்காக ஓவியத்துக்கென்று வைத்திருந்த ஒரு டிராகனை எடுத்துவிட்டேன், மனம் வலித்தாலும்.

கடைசியாக ஒரு ஐயம். டியாமட்டை இறக்கும்போது எந்த ஐந்து டிராகன்களைத் தேடி எடுப்பது? உர்-டிராகன் தாக்கும்போது கையிலிருந்து இலவசமாக டியாமட்டைக் களத்தில் வைத்தாலும் ஐந்து கிடைக்குமா?

வேங்கை

கிடைக்காது. டியாமட்டை மனா கொடுத்து இறக்கினால் மட்டுமே தேடலாம். உர்-டிராகன் வழியாக வைத்தால் 7/7 டிராகன் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். மீரிம் எடுக்கும் நகலுக்கும் இதே விதி. உர்-டிராகன் கமாண்டர் இடத்தில் இருந்தால் டியாமட் ஆறு மனாவுக்கு வரும், ஷாமனும் இருந்தால் ஐந்துக்கு. அதற்குக் கீழே போகாது, ஐந்து நிறக் குறியீடுகள் இருக்கின்றன.

எந்த ஐந்து என்பது மேசையைப் பொறுத்தது. எதிரிகளிடம் தடுப்பதற்கு ஆள் நிறைய இருந்தால் தாக்காமலேயே சேதம் தருபவற்றை எடுங்கள்: ஸ்கர்ஜ், டெரர் ஆஃப் தி பீக்ஸ், கூடவே அவற்றைப் பெருக்க மீரிமும் லாத்லிஸும். வழி திறந்திருந்தால் அடார்கா, உட்வாரா ஹெல்கைட். யாராவது களத்தைத் துடைக்கக் காத்திருக்கிறார் என்று தோன்றினால் டிரோமோகா முதலில். சுற்றின் முடிவில் கையில் ஏழு கார்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், ஏற்கெனவே கை நிறைந்திருந்தால் ஐந்தையும் எடுக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த இரண்டு சுற்றுகளில் எதை இறக்கப் போகிறீர்களோ அதை மட்டும் எடுங்கள். மற்றவை டெக்கிலேயே இருக்கட்டும், பிறகு தானாக வரும்.